"தினமும் ஊத்துறோம் மேடம்" - குளோரின் பாட்டில் குடுத்த ஊருங்கள்ல நான் சொதப்பினதும் கத்துக்கிட்டதும்

திருவண்ணாமலை மாவட்டத்துல, செங்கம் தாண்டி மலையடிவாரத்துல இருக்குற சில ஊருங்கள்ல குடிதண்ணியில கிருமியைக் கொல்ல ஊத்துற குளோரின் பாட்டிலை வீட்டுக்கு வீடு குடுக்குற ப்ராஜெக்ட் ஒண்ணுல நான் கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன். பாட்டில் குடுக்குற டீம் வேற. குடுத்தது உண்மையிலயே பயன்படுதான்னு பாத்து ரிப்போர்ட் எழுதுற டீம்ல நான். இந்த வேலைக்கு இப்ப நிறைய பசங்க புதுசா வர்றாங்க, எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணி மேல்படிப்பு, முடிச்ச கையோட ஒரு டேப்லெட்டையும் நாப்பது கேள்வியையும் குடுத்து பஸ் ஏத்தி விட்டுடறாங்க, எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, அதனால எங்கெங்க வழுக்கி விழுந்தேன்னு எழுதி வச்சா யாருக்காவது ஆகும்னு தோணுச்சு.

முதல் ரவுண்டு. ஃபார்ம்ல பத்தாவது கேள்வியோ என்னவோ, "குடிநீரில் குளோரின் மருந்து கலக்குகிறீர்களா? தினமும் / சில நாட்கள் / இல்லை". நான் போன வீடு எல்லாத்துலயும் "தினமும் ஊத்துறோம் மேடம்". ஒரு வீட்ல கூட இல்லைன்னு வரல. எனக்கு ஒரே சந்தோஷம், அந்த மாசம் நான் அனுப்பின ரிப்போர்ட்ல கிட்டத்தட்ட எல்லாருமே பயன்படுத்துறாங்கன்னு எழுதி ஒரு பச்சைக் கலர் பார் சார்ட் வேற போட்டேன். ஆபீஸ்ல பாராட்டினாங்க. இப்ப அந்த சார்ட்டை நினைச்சா காது சுடுது.

ரெண்டாவது ரவுண்டுல தான் ஒரு ஆயா வீட்ல மாட்டினேன். ஓட்டு வீடு, திண்ணையில முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கேள்வியை கேட்டேன், "தினமும் தான் பாப்பா ஊத்துறேன்"னாங்க. பாட்டிலைக் காட்டுங்க ஆயான்னேன். உள்ள போய் எடுத்துட்டு வர்றாங்க, சாமி மாடத்துல குங்குமச் சிமிழ் பக்கத்துல பத்திரமா வச்சிருந்திருக்காங்க, மூடி மேல ஒரு விரல் குங்குமம் கூட ஒட்டியிருக்கு. சீல் பிரிக்கவே இல்ல. குடுத்து நாலு மாசம் ஆச்சு.

"ஆயா, சீலே பிரிக்கலையே"ன்னேன். கொஞ்சமும் அசரல. "நீ வேகாத வெயில்ல நடந்து வந்து கேக்குற. இல்லன்னு சொன்னா உன்ன வேலைய விட்டு தூக்கிற மாட்டானுங்க?"ன்னு கேட்டுட்டு கீரையை ஆய ஆரம்பிச்சிட்டாங்க.

அவங்க பொய் சொன்னது எனக்காக. இது தான் இந்த வேலையில எனக்கு கிடைச்ச முதல் பாடம், ட்ரெய்னிங்ல இதைச் சொல்லிக் குடுக்கல. "ஜனங்க பொய் சொல்லுவாங்க, உஷாரா இரு"ன்னு மட்டும் சொன்னாங்க. ஜனங்க பொய் சொல்றது ஏமாத்தறதுக்கு இல்லீங்க, வீடு தேடி வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. நம்ம கேள்வியிலயே எந்த பதில் வேணும்னு எழுதி ஒட்டியிருக்கு, அதை அவங்க படிச்சிடறாங்க, அவ்ளோ தான்.

அதுக்கப்புறம் நான் கேள்வி கேக்குற முறையையே மாத்திட்டேன். முன்கூட்டி சொல்லாம போறது. போனதும் ஃபார்மை வெளிய எடுக்காம, "அக்கா, குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னு கேக்குறது. எந்த குடத்துல இருந்து எடுக்குறாங்க, எதால மொள்ளுறாங்க, விரல் தண்ணியில படுதா, குடத்துக்கு மூடி இருக்கா, எல்லாம் அந்த அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். நாற்பது கேள்வியில கிடைக்காதது. அப்புறம் "இந்த தண்ணி எப்ப புடிச்சது? புடிச்ச பிறகு இதுல ஏதாவது செஞ்சீங்களா?"ன்னு பொதுவா கேக்கணும். குளோரின்ங்கிற பேரை நம்ம வாயால முதல்ல சொல்லவே கூடாது. கடைசியா, அவங்க குடுத்த அந்த தண்ணியிலயே ஒரு பத்து மில்லி அவங்க கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணனும், அவங்ககிட்ட கேட்டுட்டு தான்.

டெஸ்ட் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன், ஏன்னா இதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஊராட்சியில குடுத்து வச்சிருக்குற கிட்ல பெரும்பாலும் ஓடிஓங்கிற (ஆர்த்தோடொலிடின்) சொட்டு மருந்து இருக்கும், தண்ணி மஞ்சளா மாறும். சீப், சுலபம், ஆனா அது மொத்த குளோரினைத் தான் பெரும்பாலும் காட்டுது, வேலை செய்யுற ஃப்ரீ குளோரின் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டாது, இரும்பு இருக்குற தண்ணியில சும்மாவே லேசா மஞ்சள் வந்து ஏமாத்தும். டிபிடி மாத்திரை தான் சரி, பிங்க் கலர் வரும், ஃப்ரீ குளோரினை தனியா காட்டும். மாத்திரையை கையால தொடாதீங்க, அட்டையில இருந்து நேரா டியூப்ல விழணும். டியூபை அதே தண்ணியால ரெண்டு தரம் அலசுங்க. வெயில்ல நின்னுக்கிட்டு கலர் பாக்காதீங்க, நிழல்ல, பின்னால வெள்ளை பேப்பர் வச்சு பாருங்க. சாம்பிளை பாட்டில்ல புடிச்சு சாயங்காலம் ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணிக்கலாம்னு நினைச்சா வேஸ்ட், போற வழியிலயே குளோரின் காணாம போயிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, மருந்து கலந்து அரை மணி நேரம் கழிச்சு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கணும், வீட்ல குடிக்கிற கட்டத்துல குறைஞ்சது 0.2 மிச்சம் இருக்கணும். நம்ம இந்திய தரம் ஐஎஸ் 10500லயும் அதே 0.2 தான்.

டிபிடியில ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நான் விழுந்தேன். ஒரு ஊர்ல பொதுக் கிணத்துல காலையில தான் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தாங்க. பக்கத்துல போனாலே நீச்சல் குளம் மாதிரி வாசனை, கண்ணு எரியுது. மாத்திரை போட்டேன், ஒரு நொடி பிங்க் மாதிரி மின்னிட்டு உடனே கலரே இல்லாத தண்ணி ஆயிடுச்சு. நான் பேக்கு மாதிரி "0" எழுதிட்டு அடுத்த இடத்துக்கு போயிட்டேன். ராத்திரி லேப் அண்ணன் கிட்ட சொன்னா தலையில அடிச்சுக்கிறார். குளோரின் அளவுக்கு மீறி இருந்தா அது அந்த பிங்க் கலரையே வெளுத்துடுமாம். மூக்குல வாசனை அடிக்குது, டியூப்ல கலர் இல்லைன்னா, சாம்பிளை குளோரின் இல்லாத நல்ல தண்ணி கலந்து பத்துல ஒரு பங்கா ஆக்கி மறுபடி பாக்கணும், வந்த எண்ணை பத்தால பெருக்கணும். மூக்கையும் ஒரு கருவியா வச்சுக்கோங்க.

சரி, இப்படி தண்ணியைக் கேட்டு டெஸ்ட் பண்ண ஆரம்பிச்ச முதல் நாள், ஒரே தெருவுல பதினோரு வீடு போனேன். மூணு வீட்ல தான் பிங்க் வந்துச்சு. அந்த மூணுல ஒண்ணு எங்க பாட்டில் குடுக்குற டீம்ல வேலை பாக்குற பொண்ணோட அம்மா வீடு.

அன்னைக்கு ராத்திரி எனக்கு கோவம் தான் வந்துச்சு, என்னடா இது, இலவசமா குடுத்தும் போட மாட்டேங்கறாங்களேன்னு. ஆனா அடுத்த வாரம் பூரா ஏன் போடலைன்னு கேக்காம, ஒரு நாள் போட்டு விட்டவங்க ஏன் நிறுத்தினாங்கன்னு மட்டும் கேட்டேன், அதுல தான் விஷயம் வெளிய வந்துச்சு.

எங்க பாட்டில்ல இருந்தது 1.25 சதவீத கரைசல். மூடி அளவு 3 மில்லி, 20 லிட்டருக்கு ஒரு மூடி. கணக்கு போட்டா லிட்டருக்கு 1.9 மில்லிகிராம் சுமாருக்கு வரும், சரியான அளவு. பேப்பர்ல. ஆனா நம்ம ஊர்ல யாரு வீட்ல 20 லிட்டர் குடம் இருக்கு? கேன் தண்ணி தான் 20 லிட்டர். நான் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கிட்டு போய் குடம் குடமா ஊத்தி அளந்து பாத்தேன், பொம்பளைங்க எல்லாம் வேடிக்கை பாத்து சிரிக்கிறாங்க. பிளாஸ்டிக் குடம் பதிமூணு பதினாலு லிட்டர், எவர்சில்வர் குடம் பன்னெண்டு, சின்னப் பொண்ணுங்க இடுப்புல வைக்கிற தவலை எட்டு தான். எட்டு லிட்டர்ல ஒரு மூடி ஊத்தினா லிட்டருக்கு 4.7 வருது. உடம்புக்கு கெடுதல்னு சொல்ற 5 என்ற எல்லைக்கு உள்ள தான், ஆனா வாயில வைக்க முடியாது. குழந்தை துப்புது. மாமியார் திட்டுது. அந்தப் பொண்ணு மறுநாள் ஊத்துமா? இந்த "20 லிட்டர்" எந்த நாட்டு ஜெர்ரி கேனுக்கு போட்ட கணக்கோ, அப்படியே லேபிளை மட்டும் தமிழ்ல அடிச்சு எங்க ஊருக்கு கொண்டு வந்துட்டாங்க.

இன்னொரு ஊர்ல போர் தண்ணியில இரும்பு ஜாஸ்தி. புடிக்கும்போது தெளிவா தான் இருக்கும். குளோரின் ஊத்தினா கரைஞ்சிருந்த இரும்பு துருவா மாறி தண்ணி செங்கல் கலரா ஆயிடும், அடியில செம்மண் மாதிரி தங்கும். "நல்லா இருந்த தண்ணியில மருந்த ஊத்தி கெடுத்துட்டீங்களே"ன்னு ஒரு அக்கா சண்டைக்கு வந்தாங்க, டீ போட்டா கருப்பா வருதாம். அவங்க சொன்னது நியாயம். அது மட்டும் இல்ல, ஊத்துற குளோரின்ல பாதிய இரும்பே தின்னுடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. இந்த ஊர்ல குளோரின் பாட்டிலே குடுத்திருக்கக் கூடாது, முதல்ல இரும்புக்கு வழி பண்ணியிருக்கணும்.

இதை முன்னாடியே கண்டுபிடிக்க பெரிய லேப் எல்லாம் வேணாங்க. ஊர்ல இருக்குற ஒவ்வொரு தண்ணிக்கும், போர், கிணறு, குழாய், தனித்தனியா நாலு குடம் வைங்க, அந்த ஊர்க்காரங்க பயன்படுத்துற குடத்தையே வைங்க, ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவு ஊத்துங்க. அரை மணி நேரத்துல ஒரு தரம், மறுநாள் அதே நேரத்துல ஒரு தரம் டெஸ்ட் பண்ணுங்க. எந்த அளவுல 24 மணி நேரம் கழிச்சும் 0.2 நிக்குதோ, அரை மணியில 2க்கு மேல போகலையோ, அது தான் அந்த ஊருக்கான அளவு. அப்புறம் அந்த நாலு குடத்து தண்ணியையும் நாலு வீட்டு பொம்பளைங்ககிட்ட குடுத்து எது வாய்க்கு ஒத்து வருதுன்னு கேளுங்க. ஒரே ஒரு நாள் வேலை. நாங்க இதை ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு பண்ணோம், பண்ணும்போது எனக்கே வெக்கமா இருந்துச்சு.

அடுத்தது டேங்க் ஆப்பரேட்டர் கதை. ஒரு தடவை ஒரு ஊர்ல போன எல்லா வீட்லயும் பிங்க். நானே நம்பல. அப்புறம் தெருக்குழாயில டெஸ்ட் பண்ணேன், அதுவும் பிங்க், அதுவும் வீட்டை விட அடர்த்தியா. விசாரிச்சா, நாங்க வர்ற விஷயம் முந்தின நாளே தெரிஞ்சு தண்ணி விடுற அண்ணன் ஓவர்ஹெட் டேங்க்ல ஏறி ரெண்டு கை பிளீச்சிங் பவுடர் கூடவே போட்டிருக்கார். பாவம், அவருக்கு நாங்க அவரைத் தான் செக் பண்ண வர்றோம்னு பயம். நான் வீட்ல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வந்திருந்தா, "இந்த ஊர்ல எல்லாரும் பாட்டில் பயன்படுத்துறாங்க"ன்னு எழுதியிருப்பேன். அதுல இருந்து வீட்டுத் தண்ணி டெஸ்ட் பண்ணா அதே நாள் அந்த வீட்டுக்கு தண்ணி வர்ற குழாயையும் கட்டாயம் டெஸ்ட் பண்ணிடுவேன், எப்ப தண்ணி விட்டாங்கன்னும் எழுதிக்குவேன். ரெண்டையும் சேத்து பாத்தா தான் அர்த்தம் வரும்.

அந்த அண்ணன்கிட்ட அப்புறம் பேசினேன். அவருக்கு சொல்லிக் குடுத்திருக்குறது 1000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் டேங்க்குக்கு 120 கிராம். பவுடர்ல 25 சதவீதம் குளோரின் இருந்தா லிட்டருக்கு 1 மில்லிகிராம், சரியா வரும். ஆனா அவர் கிட்ட இருக்குற மூட்டை வாய் திறந்தபடி மோட்டார் ரூம்ல கிடக்கு, மழைக்காத்து பட்டு கட்டி கட்டியா ஆயிருக்கு, அதுல குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கும்? அவர் சரியா அளந்து போட்டாலும் குழாய்ல ஒண்ணும் இருக்காது. மூட்டையை தண்ணி படாத டிரம்ல இறுக்கி மூடி வைக்கச் சொல்லி, ஒரு டிரம் வாங்கிக் குடுத்தோம், அவ்ளோ தான் செலவு. இந்த ப்ராஜெக்ட்ல போட்ட காசுலயே உருப்படியான காசு அந்த டிரம்முக்கு போட்டது தான்னு நான் சொல்லுவேன், ஆனா அதுக்கு எங்க ரிப்போர்ட்ல எழுத கட்டமே இல்ல.

கட்டம்னதும் ஞாபகம் வருது, கேன் தண்ணி. எங்க ஃபார்ம்ல குடிநீர் எங்கருந்துன்னு கேட்டா குழாய், கிணறு, போர், மற்றவை, இவ்ளோ தான். ஆனா கொஞ்சம் வசதியான வீட்ல எல்லாம் பெரியவங்க கேன் தண்ணி தான் குடிக்கிறாங்க, குழாய்த் தண்ணி சமையலுக்கு. நான் ஆறு மாசமா குடத்துல டெஸ்ட் பண்ணதுல பாதி சோறு ஆக்குற தண்ணி! அதுல குளோரின் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, எப்படியும் கொதிக்கப் போகுது. இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு, வீட்ல ஒழுங்கா மருந்து ஊத்தி வச்சிருப்பாங்க, ஆனா நூறு நாள் வேலைக்கு போற இடத்துல ஏரிக்கரை போர் தண்ணி, களை எடுக்கப் போற இடத்துல வயக்காட்டு கிணறு, புள்ளைங்க ஸ்கூல்ல வேற தண்ணி. பகல் பூரா குடிக்கிறது வெளிய. வீட்டுக் குடத்தை மட்டும் பாத்துட்டு "இவங்க பாதுகாப்பான தண்ணி குடிக்கிறாங்க"ன்னு எழுதறது எவ்ளோ பெரிய அபத்தம்.

இப்ப வயித்துப்போக்கு கேள்விக்கு வர்றேன். "கடந்த இரண்டு வாரத்தில் உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" இல்லைம்பாங்க. உங்க பாப்பாவுக்கு வயித்தால போச்சான்னு கேட்டா, "அது பல்லு முளைக்குது மேடம், அதுக்கு போவும்ல"ம்பாங்க. இன்னொரு அம்மா "உரம் விழுந்துச்சு, எடுத்து விட்டோம், சரியாப் போச்சு". இன்னொருத்தங்க "மாந்தம்". பாட்டி ஒருத்தங்க தோஷம்னு சொல்லி வேப்பிலை அடிச்சிருக்காங்க. இதுல எதுவும் அவங்களைப் பொறுத்தவரை வயித்துப்போக்கு கணக்குல வராது, வயித்துப்போக்குன்னா ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்கு போறது. அதனால வியாதி பேரையே கேக்காதீங்க. "நேத்து எத்தனை தடவை வெளிய போனான்? தண்ணியா போச்சா, கெட்டியாவா? முந்தா நாள்?"ன்னு நாள் நாளா பின்னால போங்க, 24 மணி நேரத்துல மூணு தடவை இல்ல அதுக்கு மேல தண்ணியா போயிருந்தா நீங்க குறிச்சுக்கோங்க. ரெண்டு வாரம் எல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஒரு வாரத்துக்கு மேல கேக்காதீங்க.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பாட்டில் குடுத்த வீட்ல போய் குழந்தைக்கு எப்படி இருக்குன்னு கேட்டா "இப்ப பரவால்ல மேடம்"னு தான் வரும், அந்த ஆயா சொன்ன அதே காரணம். இதை நான் சும்மா சொல்லல. ஒடிசாவுல 2163 வீடுங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2013ல வெளியிட்டாங்க, பாதி வீட்டுக்கு உண்மையான குளோரின் மாத்திரை, பாதி வீட்டுக்கு பாக்க அதே மாதிரி இருக்குற டம்மி மாத்திரை, எது எதுன்னு வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது, கேக்கப் போனவங்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் பாத்தா அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு ஒரு பக்கம் 1.69 சதவீத நாள், இன்னொரு பக்கம் 1.74. வித்தியாசமே இல்ல. அதைப் பாத்துட்டு குளோரின் வேஸ்ட்டுன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா அதே ஆய்வுல மாத்திரை குடுத்த வீட்டுத் தண்ணியில குளோரின் மிச்சம் இருந்தது 32 சதவீத சாம்பிள்ல தான். போடாத மருந்து எப்படி வேலை செய்யும்? பொலிவியாவுல 22 கிராமத்துல பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணியை வெயில்ல வைக்கிற சோடிஸ் முறையை சோதிச்சப்பவும், உண்மையா பயன்படுத்தினவங்க சராசரி 32 சதவீதம் தான், அங்கயும் வயித்துப்போக்கு குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ல முடியல. ரெண்டு கண்டத்துலயும் அதே 32ங்கிறது தற்செயல் தான், ஆனா என் பதினோரு வீட்ல மூணையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எங்க ஊர் ஜனங்க மேல இருந்த கோவம் சுத்தமா போயிடுச்சு.

கென்யாவுல பண்ண ஒரு ஆய்வு இன்னும் வேடிக்கை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் சர்வே எடுக்கப் போன வீடுங்கள்ல, எப்பவாவது போன வீடுங்களை விட குளோரின் போடுறது கூடியிருந்துச்சாம். அதாவது நாம போய்ப் போய் கேக்குறதே ஒரு மருந்து மாதிரி. நம்ம கால் நின்னா அதுவும் நிக்கும். அதனால நான் இப்ப யார் கேட்டாலும் சொல்றது, ப்ராஜெக்ட் நடக்கும்போது பாக்குறதை விட, முடிஞ்சு ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு ஒரு தரம் சொல்லாம போய் பாக்க காசு ஒதுக்கி வைங்க.

பாட்டில் கணக்கை நம்பாதீங்க. ஒரு தெருவுல பாட்டில் மாசத்துக்கு ஒண்ணு காலியாகுது, எங்க டீம்க்கு பெருமை தாங்கல, அந்தத் தெருவை முன்மாதிரின்னு போட்டோ எடுத்தாங்க. போய் பாத்தா கொடியில காயுற ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டை எல்லாம் பளீர்னு கண்ணைப் பறிக்குது. குடத்துல டெஸ்ட் பண்ணா ஒண்ணுமில்ல. "வெள்ளைத் துணிக்கு இது சூப்பரு மேடம், இன்னும் ரெண்டு பாட்டில் கிடைக்குமா?" குளோரின் மாத்திரை அட்டையும் அப்படித் தான், சூபர்வைசர் காலி அட்டையை எண்ணுவார்னு தெரிஞ்சு ஒரு பொண்ணு நான் வாசல்ல செருப்பு கழட்டுற நேரத்துல பின்பக்கம் நின்னு மாத்திரையை ஒவ்வொண்ணா சாக்கடையில பிதுக்கிக்கிட்டு இருந்ததை ஜன்னல் வழியா பாத்திருக்கேன். நான் பாத்ததை காட்டிக்கல. அந்தப் பொண்ணை அந்த நிலைக்கு தள்ளினது நாங்க தான்.

பாத்திரம் பத்தி ஒண்ணு. குழாய்ல சுத்தமா வந்த தண்ணி வீட்ல வச்ச பிறகு தான் நிறைய கெடுது, சொம்பை விட்டு கையோட மொள்ளுறதுல. வேலூர்ல இதை ஆராய்ச்சி பண்ணி 2004லயே எழுதியிருக்காங்க, பித்தளைப் பாத்திரத்துல வச்ச தண்ணியில கிருமி குறைவா இருந்துச்சுன்னும் அதுல வருது. நம்ம பாட்டிங்க சும்மா ஒண்ணும் புளி போட்டு பித்தளைக் குடத்தை தேய்ச்சுக்கிட்டு இருக்கல. ஆனா ஒரு எச்சரிக்கை, பித்தளையும் மண்பானையும் குளோரினை சீக்கிரம் இழுத்துக்கும், அதுங்கள்ல டெஸ்ட் பண்ணி கலர் வரலைன்னு அந்த வீட்டம்மா மருந்து ஊத்தலைன்னு முடிவு கட்டாதீங்க. ஃபார்ம்ல குடம் எதால ஆனதுன்னு ஒரு கட்டம் சேருங்க.

அதே காரணத்துக்காக, குளோரின் மட்டும் பாத்தா போதாது, கொஞ்சம் வீட்லயாவது கிருமி டெஸ்ட்டும் வேணும். லேப்க்கு அனுப்புற பாட்டில்ல தயோசல்ஃபேட் போட்டிருக்கான்னு கேட்டு வாங்குங்க, அது இல்லாட்டி பாட்டிலுக்குள்ளயே குளோரின் போற வழியெல்லாம் கிருமியைக் கொன்னுக்கிட்டே போகும், லேப்ல ரிசல்ட் பொய்யா நல்லா வரும். ஐஸ் பெட்டியில வச்சு முடிஞ்சா ஆறு மணி நேரத்துக்குள்ள, எப்படியும் அதே நாளுக்குள்ள சேர்த்துடுங்க. லேப் தூரம்னா எச்2எஸ் பாட்டில் இருக்கு, குவாலியர்ல இருக்குற நம்ம பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1982ல ஆய்வா எழுதி வெளியிட்ட முறை, தண்ணியை ஊத்தி சூடான இடத்துல வச்சா மலக்கிருமி இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பா மாறும். எவ்ளோ கிருமின்னு சொல்லாது, சில நிலத்தடி தண்ணியில தப்பா கூட கருக்கும், ஆனா வீட்ல வைக்க அதை மாதிரி ஒண்ணு கிடையாது. ஒரு மகளிர் குழு மீட்டிங்ல ஆறு பேர் வீட்டுத் தண்ணியை ஆறு பாட்டில்ல ஊத்தி பேர் எழுதி தலைவி வீட்டு சமையல்கட்டுல வச்சுட்டு வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு போனா அஞ்சு கருப்பு. யாரும் என்னை ஒரு கேள்வி கேக்கல, அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க, "உங்க வீட்டுது மட்டும் ஏன்டி கருக்கல?" "நான் கரண்டி போட்டு மொள்ளுறேன், மூடி வச்சிருக்கேன்". நான் ஒரு வருஷமா ஃப்ளெக்ஸ் போர்டு வச்சுக் கத்தினது அது. இப்ப ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு தண்ணி டெஸ்ட் பண்ண ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லியிருக்காங்க, உங்க ஊர்ல அந்த அஞ்சு பேர் யாருன்னு முதல்ல போய் கண்டுபிடிங்க, உங்களை விட அவங்களுக்கு எந்த வீட்ல எந்தக் குடம்னு நல்லாத் தெரியும்.

எங்க ப்ராஜெக்ட் முடிஞ்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு, ஆடி மாசம், என் சொந்தக் காசுல பஸ் ஏறி அந்த ஊருக்கு போனேன். சும்மா தான், ஆனா பையில டிபிடி அட்டை ஒண்ணு வச்சிருந்தேன், பழக்கம் விடல. மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துற நாள். கோயில் வாசல்ல பாத்தா நாங்க குடுத்த குழாய் வச்ச நீல டப்பா மூணு வரிசையா நிக்குது, பாதுகாப்பா தண்ணி சேமிக்கன்னு குடுத்தது, எங்க லோகோ இன்னும் பாதி ஒட்டியிருக்கு. அதுல மோர்.

சாமி மாடத்துல பாட்டில் வச்சிருந்த அந்த ஆயா தான் டப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டு, "வா பாப்பா, யாரும் கையை விட்டு மொள்ளக் கூடாதுன்னு தான் இந்த டப்பாவுல வச்சிருக்கோம், நல்லாருக்கா?"ன்னு கேட்டுட்டு, குழாயைத் திருகி ஒரு டம்ளர் நிறைய புடிச்சுக் குடுத்தாங்க. "அந்த மருந்து ஊத்துறீங்களா ஆயா?"ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. மோரைக் குடிச்சேன், பச்சை மிளகாய் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு.